நட்பு நாட்டுத் தலைவர்கள் ஏன் முறைத்துக்கொள்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நடப்பு நிகழ்வுகள் எடுக்கிறேன். வகுப்பு முடிந்த பிறகு வரும் சந்தேகங்களில் பாதி ஒரே ரகம்: கூட்டாளிகள் என்று சொல்லிக்கொள்ளும் நாடுகளின் தலைவர்கள் ஏன் இப்படி மோதிக்கொள்கிறார்கள்? பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும், பச்சைத் தேயிலை எடை போடும் இடத்திலும் இதே பேச்சுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

"சார், கூட்டாளி நாடுன்னா எழுதிக் கையெழுத்துப் போட்டதா, இல்ல சும்மா வாய்ப்பேச்சா?"

இரண்டும் உண்டு. எழுதிப் போட்டதில் பெரியது நேட்டோ, அமெரிக்காவும் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணி. 1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்டன. 2023-இல் பின்லாந்தும் 2024-இல் சுவீடனும் சேர்ந்து இப்போது 32. அதன் 5-ஆம் பிரிவுதான் எல்லோரும் பேசுவது: ஓர் உறுப்பு நாட்டின் மீது ஆயுதத் தாக்குதல் நடந்தால் எல்லோர் மீதும் நடந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருடத்தில் அதைப் பயன்படுத்தியது ஒரே முறை, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு. ஜப்பான், தென்கொரியா போன்ற நாடுகளோடு அமெரிக்கா தனித்தனி ஒப்பந்தம் வைத்திருக்கிறது.

ஆனால் அந்தப் பிரிவை முழுதாகப் படித்துப் பாருங்கள். உதவி என்பது எந்த வடிவில் என்று ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவையென்று படுவதைச் செய்யலாம். படையை அனுப்பியே தீர வேண்டும் என்று எங்கும் இல்லை. கடைசிக் கேள்விக்கு வரும்போது இது வேண்டியிருக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்போ நம்ம இந்தியா யாரோட கூட்டாளி?"

அந்த அர்த்தத்தில் யாரோடும் இல்லை. ஓரளவு நெருங்கி வந்தது 1971 ஆகஸ்ட் 9-இல் சோவியத் யூனியனோடு போட்ட நட்புறவு ஒப்பந்தம். அதிலும் தாக்குதல் வந்தால் கலந்து பேசுவோம் என்றுதான் இருந்தது. குவாட் (இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா) ஒரு கலந்துரையாடல் அமைப்பு. அதில் யாருக்காகவும் யாரும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அமெரிக்கா 2016-இல் இந்தியாவை முக்கியப் பாதுகாப்புக் கூட்டாளி என்று அறிவித்தது. அது ஆயுத, தொழில்நுட்ப வியாபாரத்துக்கு வசதி செய்யும் தகுதி.

வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குப் படிக்க வரும் வெளிநாட்டு அதிகாரிகளைக் குன்னூர் கடைவீதியில் பார்த்துவிட்டு, "இவங்க நாடெல்லாம் நம்ம கூட்டணியா?" என்று கேட்கிறார்கள். இல்லை, நட்பு நாடுகள், அவ்வளவுதான். கையெழுத்து இல்லாத நட்பு என்ன பாடுபடும் என்பதற்கு நம் கணக்கையே பாருங்கள். 2019-இல் ஹூஸ்டன் மைதானத்திலும் 2020-இல் அகமதாபாத் மைதானத்திலும் பிரதமர் மோடியும் டிரம்பும் கைகோத்து நின்றார்கள். 2025 ஆகஸ்டில் அதே டிரம்ப், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி இந்தியச் சரக்குகள் மீதான வரியை 50 சதவீதத்துக்கு ஏற்றினார்.

"நேத்து கட்டிப்பிடிச்சாங்க, இன்னிக்குத் திட்டிக்கிறாங்க. இது நிஜச் சண்டையா, நாடகமா?"

வாயைப் பார்த்தால் தெரியாது. பேச்சுக்குப் பிறகு எது நின்றது, எது ஓடிக்கொண்டே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2025 பிப்ரவரி 28 அன்று வெள்ளை மாளிகையில் கேமரா முன்னாலேயே டிரம்பும் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியும் வாக்குவாதம் செய்தார்கள். சில நாட்களில் ஆயுத உதவியும் உளவுத் தகவலும் நிறுத்தப்பட்டன. ஆக, அது நிஜம். மார்ச் 11-இல் ஜெத்தாவில் பேசி முடித்ததும் இரண்டும் திரும்ப வந்தன. ஏப்ரல் கடைசியில் கனிம வள ஒப்பந்தமும் கையெழுத்தானது. அந்த வரிசையைக் கவனித்தாலே எதற்காக அழுத்தம் கொடுத்தார்கள் என்பது பாதி புரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிர், ஒபாமாவும் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவும். இருவருக்கும் ஆகவே ஆகாது என்பது உலகத்துக்கே தெரியும். ஆனாலும் 2016 செப்டம்பரில், ஒபாமா பதவியை விட்டுப் போகிற நேரத்தில், இஸ்ரேலுக்குப் பத்து வருடத்துக்கு 3,800 கோடி டாலர் ராணுவ உதவி என்று ஒப்பந்தம் போட்டார்கள். முகம் கடுகடு; பணம் நிற்கவில்லை. அதற்காக அந்த வெறுப்பு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்குப் பிடிக்காமல் போனால் அது இரண்டு அரசாங்கங்களையும் உடனே தொட்டுவிடுவதில்லை.

"தூதரைத் திரும்பக் கூப்பிட்டாங்கன்னா போர் வரப்போகுதுன்னு அர்த்தமா?"

இல்லை. ராஜதந்திரத்தில் கோபத்தைக் காட்ட இருக்கும் வழிகளில் செலவு குறைந்தது அதுதான். 2021 செப்டம்பரில் பிரான்ஸ், அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தூதர்களை அழைத்துக்கொண்டது. காரணம், 12 நீர்மூழ்கிக் கப்பல்கள் கட்ட 2016-இல் பிரான்ஸைத் தேர்ந்தெடுத்திருந்த ஆஸ்திரேலியா, அதை உதறிவிட்டு அமெரிக்கா, பிரிட்டனோடு ஆக்கஸ் என்று புதுக் கூட்டணி அறிவித்தது. கடைசி நேரம் வரை பிரான்ஸுக்குச் சொல்லவில்லை. தூதர்கள் சில வாரங்களில் திரும்பிவிட்டார்கள். அக்டோபரில் ரோமில் பிரான்ஸ் அதிபர் மக்ரோனைச் சந்தித்த அமெரிக்க அதிபர் பைடன், காரியத்தைப் பக்குவமில்லாமல் செய்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். மறு வருடம் ஆஸ்திரேலியா 55.5 கோடி யூரோ நஷ்ட ஈடு கொடுத்தது. 2022 ஏப்ரலில் மக்ரோனுக்குத் தேர்தல் இருந்தது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

"பெரிய நாடு கூட்டாளியோட கழுத்தையே பிடிச்சதுண்டா?"

உண்டு. சூயஸ், 1956. இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பின்னால் வந்த பல சண்டைகளுக்கு விதை இங்கேதான் விழுந்தது.

எகிப்தின் அஸ்வான் அணைக்குப் பணம் தருவதிலிருந்து அமெரிக்கா ஜூலையில் பின்வாங்கியது. ஜூலை 26-இல் எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலும் பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில் ரகசியமாகக் கூடித் திட்டம் போட்டன: இஸ்ரேல் தாக்கும், மற்ற இருவரும் சமாதானம் செய்கிற சாக்கில் உள்ளே நுழைவார்கள். அக்டோபர் 29-இல் தாக்குதல் தொடங்கியது. அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கோ நவம்பர் 6-இல் அதிபர் தேர்தல். போதாததற்கு அதே வாரம் சோவியத் டாங்கிகள் ஹங்கேரியில் நுழைந்துகொண்டிருந்தன. மாஸ்கோவைக் கண்டிக்கிற வாயால் லண்டனை ஆதரிக்க முடியுமா? அமெரிக்கா ஒரு தோட்டா சுடவில்லை. பவுண்டின் மதிப்பு சரிந்தது. சர்வதேச நிதியத்தில் பிரிட்டன் கடன் எடுக்க அமெரிக்கா வழி விடவில்லை. துருப்புகள் வெளியேறினால்தான் பணம். டிசம்பரில் படைகள் கிளம்பின, 1957 ஜனவரியில் பிரதமர் ஈடன் ராஜினாமா செய்தார். கால்வாய் 1957 வசந்த காலம் வரை மூடிக் கிடந்தது. இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிப் போயின. நம் மலைத் தேயிலைக்கும் அதே வழிதான்.

ஒரே அவமானத்திலிருந்து இரண்டு நாடுகள் இரண்டு விதமாகப் பாடம் படித்தன. இனி அமெரிக்காவை விட்டு விலகி எதுவும் செய்யக்கூடாது என்று பிரிட்டன் முடிவு செய்தது. அமெரிக்காவை நம்பி எதுவும் செய்யக்கூடாது என்று பிரான்ஸ் முடிவு செய்தது. 1960-இல் பிரான்ஸ் சொந்த அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. 1963-இல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் பிரிட்டன் சேர்வதை பிரான்ஸ் அதிபர் டி கோல் தடுத்தார், அமெரிக்காவின் ஆளை உள்ளே விடுவதா என்ற எண்ணம்தான். 1966-இல் நேட்டோவின் கூட்டு ராணுவத் தலைமையிலிருந்து பிரான்ஸை வெளியே எடுத்தார். பாரிஸில் இருந்த நேட்டோ தலைமையகம் மறு வருடம் பிரஸ்ஸல்ஸுக்கு மாறியது. ஆக்கஸ் விஷயத்தில் பாரிஸுக்கு அவ்வளவு ரோஷம் வந்தது ஏன் என்று கேட்பவர்களுக்கு, நீர்மூழ்கிக் கப்பல் வெறும் சாக்கு என்பேன்.

"ஆள் மாறினா எல்லாம் சரியாயிடுமா?"

சில நேரம். ஈடன் போய் மேக்மில்லன் வந்ததும் லண்டனும் வாஷிங்டனும் சீக்கிரமே ராசியாயின. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் ஐசன்ஹோவரோடு சேர்ந்து வேலை பார்த்தவர் அவர். ஆனால் பிரான்ஸ் அந்த ராணுவத் தலைமைக்குத் திரும்பி வர 2009 ஆனது. நடுவில் எத்தனை அதிபர்கள்!

ஐரோப்பா தன் பாதுகாப்புக்குப் போதிய செலவு செய்யவில்லை என்ற புகாரை டிரம்ப் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறார்கள். ஐசன்ஹோவர் காலத்திலிருந்தே அது இருக்கிறது. 2014 வேல்ஸ் மாநாட்டில் மொத்த உற்பத்தியில் 2 சதவீதம் என்று ஒத்துக்கொண்டார்கள், அப்போது ஒபாமா. 2025-இல் ஹேக் நகரில் 2035-க்குள் 5 சதவீதம் என்றார்கள், ஸ்பெயின் முரண்டு பிடித்தது. தொனி ஆளுக்கு ஆள் மாறும். பில் அதேதான்.

"எலெக்‌ஷன் வந்தா மட்டும் வெளிநாட்டுச் சண்டை ஏன் சூடாகுது?"

ஏனென்றால் தலைவர் பேசுவது எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் அல்ல, ஊரில் இருக்கும் ஓட்டாளரிடம். 2002-இல் ஜெர்மனியின் ஷ்ரோடர், இராக் போருக்கு வர மாட்டோம் என்று பிரசாரம் செய்து மயிரிழையில் ஜெயித்தார். புஷ் வாழ்த்துச் சொல்ல போன் கூட எடுக்கவில்லை. 2015 மார்ச் 3-இல் நெதன்யாகு, வெள்ளை மாளிகையைக் கேட்காமலே அமெரிக்க நாடாளுமன்றத்தில் போய் ஈரான் விவகாரத்தில் ஒபாமாவை எதிர்த்துப் பேசினார். மார்ச் 17-இல் இஸ்ரேலில் தேர்தல்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம், நம் மலைக்கே வந்திருக்கிறது. 2013 மார்ச்சில் இலங்கைத் தமிழர் பிரச்சினையில் மத்திய கூட்டணி அரசிலிருந்து தி.மு.க. வெளியேறியது. அதே வருடம், வெலிங்டன் கல்லூரியில் பயிற்சியில் இருந்த இரண்டு இலங்கை ராணுவ அதிகாரிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நவம்பரில் கொழும்பில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்கு மன்மோகன் சிங் போகவில்லை. வெளியுறவு அமைச்சரைத்தான் அனுப்பினார். மக்களவைத் தேர்தலுக்கு ஆறு மாதம் இருந்தது. கோபத்துக்கான காரணம் உண்மையானது, 2009-இல் நடந்ததை யாரும் மறக்கவில்லை. அந்தக் கோபத்தை யார் முதலில் சொல்வது என்பதில் போட்டி இருந்தது என்பதும் உண்மைதான்.

"தலைவருங்க நல்லாப் பழகினா மக்களுக்கு நல்லதுதானே சார்?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு கல்லூரி மாணவி. அவர் குடும்பமே அதற்குப் பதில்: தாத்தா பாட்டி கண்டியிலிருந்து வந்தவர்கள்.

1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் பெரும்பாலும் நாடற்றவர்களாக ஆனார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இலங்கைதான் பொறுப்பு என்று நேரு கடைசி வரை நின்றார். அதனால் கொழும்போடு உரசல் இருந்துகொண்டே இருந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு அக்கம்பக்கத்து நாடுகளின் தயவு டெல்லிக்குத் தேவைப்பட்டது. 1964 மே மாதம் நேரு காலமானார். அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் சுமுகமாகக் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேர்: 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம். 1974-இல் இந்திரா காந்தி அந்த மிச்சத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார். அந்த மக்களின் தொழிற்சங்கத் தலைவர்களைக் கலந்து முடிவெடுத்ததாகச் சொல்ல முடியாது.

கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரி. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. அதுதான் பிறகு டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆனது. இரண்டு தலைவர்கள் உரசிக்கொண்டிருந்தவரை இந்த மக்கள் குடியுரிமை இல்லாமல் நின்றார்கள். ராசியானதும் எண்களாகப் பங்கு போடப்பட்டார்கள். தலைவர்கள் உறவு நல்லதா கெட்டதா என்று மட்டும் எழுதும் கட்டுரைகளை நான் பாதியில் மூடிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

"கம்யூனிஸ்ட் நாடுகளுக்குள்ள சண்டையே வராதுன்னு எங்க மாமா சொல்றாரே?"

மாமாவிடம் மூன்று வருடங்களைச் சொல்லுங்கள். 1948: ஸ்டாலினோடு முறைத்துக்கொண்ட டிட்டோவின் யூகோஸ்லாவியா, கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கோமின்பார்மிலிருந்து வெளியேற்றப்பட்டது. 1969: உசூரி ஆற்றுத் தீவில் சோவியத், சீனப் படைகள் சுட்டுக்கொண்டன, அப்போது 1950-இல் போட்ட நட்பு ஒப்பந்தம் காகிதத்தில் உயிரோடு இருந்தது. 1979: சீனா வியட்நாமுக்குள் படையை அனுப்பியது.

"சின்ன நாடு பெரிய கூட்டாளியை ஜெயிச்சதுண்டா?"

ஐஸ்லாந்து. அதற்கு ராணுவமே கிடையாது, கடலோரக் காவல் கப்பல்கள் மட்டும். காட் மீனுக்காக 1958-இலிருந்து 1976 வரை மூன்று சுற்று பிரிட்டனோடு மோதியது. மீன்பிடி எல்லையை 12 கடல் மைலிலிருந்து 50-க்கும், கடைசியில் 200-க்கும் விரித்தது. பிரிட்டிஷ் படகுகளின் வலையை அறுத்தார்கள். போர்க்கப்பல்கள் வந்து இடித்தன. இரண்டுமே நேட்டோ நாடுகள்! ஐஸ்லாந்திடம் இருந்த துருப்புச் சீட்டு கெப்லாவிக் விமானத் தளம். சோவியத் நீர்மூழ்கிகளைக் கண்காணிக்க அமெரிக்காவுக்கு அது இல்லாமல் முடியாது. கூட்டணியை விட்டே போய்விடுவோம் என்று ஐஸ்லாந்து மிரட்ட, 1976 ஜூனில் பிரிட்டன் இறங்கி வந்தது. ராமேஸ்வரம் மீனவர் பிரச்சினையோடு இதை ஒப்பிட்டுக் கேட்டார் ஒருவர். கடல் எல்லைச் சண்டை என்பது மட்டும்தான் ஒன்று. நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்க அங்கே ஒரு கூட்டணி இருந்தது, இங்கே இல்லை.

"இதுக்கும் நம்ம பச்சைத் தேயிலை விலைக்கும் சம்பந்தம் இருக்கா?"

இருக்கிறது, ஆனால் டீக்கடையில் சொல்கிற அளவுக்கு இல்லை. சோவியத் யூனியன் ரூபாய்க் கணக்கில் நம் தேயிலையை நிறைய வாங்கிக்கொண்டிருந்தது. 1991-இல் அந்த நாடே இல்லாமல் போனதும் குன்னூர் ஏலத்தில் பெரிய கை ஒன்று குறைந்தது. அமெரிக்கத் தடைக்குப் பயந்து 2019-இல் ஈரான் எண்ணெய் வாங்குவதை இந்தியா நிறுத்தியது. எண்ணெய்க்காகப் போட்ட ரூபாயில்தான் ஈரான் இந்தியத் தேயிலையை வாங்கியது, அந்தக் கணக்கும் வற்றியது. அதற்காக ஒவ்வொரு வார விலை இறக்கத்துக்கும் வாஷிங்டனைத் திட்டுவது சரியில்லை. தேவைக்கு மேல் உற்பத்தி, தூளின் தரம், பாக்டரி கொடுக்கிற கணக்கு இவற்றையெல்லாம் பார்த்த பிறகு டிரம்பிடம் போகலாம்.

"போட்டோவுல சிரிக்கிறாங்க. உள்ளே விரிசல் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

கூட்டறிக்கையைப் போன வருடத்து அறிக்கையோடு வைத்துப் படியுங்கள். காணாமல் போன வாக்கியம்தான் செய்தி. ஒரே தொலைபேசிப் பேச்சைப் பற்றி இரண்டு தலைநகரங்களும் வெளியிடும் குறிப்புகள் எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். தூதர் பதவி மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

சில விரிசல் அப்போதைக்குத் தெரியவே தெரியாது. அமெரிக்க அதிபர் ரீகனும் பிரிட்டன் பிரதமர் தாட்சரும் உயிர் நண்பர்கள் என்று பெயர். 1983 அக்டோபரில் அமெரிக்கா கரீபியன் தீவான கிரெனடா மீது படையெடுத்தது. அது காமன்வெல்த் நாடு, அதன் அரசி எலிசபெத். ஆனால் தாட்சரைக் கலந்து பேசவில்லை. அவர் கொதித்துப்போனார், ரீகன் போன் செய்து சமாதானம் சொன்னார். அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு 2014-இல்தான் வெளியே வந்தது.

"ஒரு நேட்டோ நாடு இன்னொரு நேட்டோ நாட்டு மேலயே கை வெச்சா 5-ஆம் பிரிவு என்னாகும்? பிடிக்கலைன்னா வெளியே போயிடலாமா?"

முதல் பாதிக்கு ஒப்பந்தத்தில் தெளிவான பதில் இல்லை. 1974-இல் சைப்ரஸ் விவகாரத்தில் கிரீஸும் துருக்கியும் போரின் விளிம்புக்கு வந்தன. நேட்டோ துருக்கியைத் தடுக்கவில்லை என்ற கோபத்தில் கிரீஸ் ராணுவத் தலைமையிலிருந்து விலகி 1980-இல் திரும்பியது. இப்போதைய தலைவலி கிரீன்லாந்து. டென்மார்க்குக்குச் சொந்தமான அந்தத் தீவை விற்க மாட்டோம் என்றதற்காக 2019-இல் டிரம்ப் கோபன்ஹேகன் பயணத்தையே ரத்து செய்தார். 2025 ஜனவரியில், ராணுவ பலத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி தரவும் மறுத்தார். 1951 ஒப்பந்தப்படி அமெரிக்காவுக்கு அங்கே ஏற்கெனவே ராணுவத் தளம் இருக்கிறது என்பதுதான் இதில் வேடிக்கை.

வெளியே போக வழி உண்டு. 13-ஆம் பிரிவுப்படி ஒரு வருட நோட்டீஸ் போதும். இதுவரை எந்த நாடும் கொடுத்ததில்லை, டி கோல் உட்பட. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ தனிச் சட்டமோ இல்லாமல் அதிபர் விலக முடியாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2023 டிசம்பரில் சட்டமே போட்டுவிட்டது. ஆனால் முதல் பதிலில் சொன்னதை எடுத்துப் பாருங்கள்: உதவி எந்த அளவுக்கு என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளலாம். தாக்குதல் நடந்தால் ஒரு கண்டன அறிக்கையும் கொஞ்சம் மருந்தும் அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று ஓர் அதிபர் சொன்னால், அவரை எந்தச் சட்டமும் தடுக்காது.